கேளாத குற்றம்

ஜவ்வாது மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்த ஆண்டுகளில், அந்த மலையின் பாட்டுகளை நான் கேட்கவில்லை. கேட்கும் வாய்ப்பு என் வகுப்பறைக்குள்ளேயே வந்து நின்றது. நான்தான் அதைத் திருப்பி அனுப்பினேன். அதே காலத்தில் அயர்லாந்தின் நாட்டுப்பாடல்களை இரவெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு உருகினேன். எளிய மக்களின் பாட்டுக்கு ஈடு எதுவும் இல்லை என்று நண்பர்களிடம் வாதாடினேன். சொன்னது ஒன்று, செய்தது ஒன்று. செய்ததை மறைக்காமல் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

என்னை உருக்கியவர் கிறிஸ்டி மூர். 1945இல் கில்டேர் மாவட்டத்தின் நியூபிரிட்ஜ் என்ற சிறுநகரில் பிறந்தவர். வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தார். 1966இல் அயர்லாந்து வங்கி ஊழியர்களின் நீண்ட வேலைநிறுத்தம் வந்தபோது இங்கிலாந்துக்குப் போனார். கிடைத்த கூலி வேலைகளைச் செய்துகொண்டே மதுக்கூடங்களிலும் நாட்டுப்பாடல் மன்றங்களிலும் பாடினார். வங்கிக்குத் திரும்பவேயில்லை. 1972இல் ‘பிராஸ்பரஸ்’ இசைத்தொகுப்பு வந்தது. அதில் கூடியவர்களே ‘பிளாங்ஸ்டி’ என்ற குழு ஆனார்கள். லியம் ஓஃபிளின் துருத்திக் குழல் வாசிக்க, டோனல் லன்னியும் ஆண்டி இர்வைனும் தந்தி மீட்ட, கிறிஸ்டி மூர் பாடினார். பிறகு ‘மூவிங் ஹார்ட்ஸ்’ குழு. அதன்பின் தனியாளாக ஒரு கிதாரும் கையுமாக மேடை. எண்பதை நெருங்கிய வயதிலும், 2024இல், புதிய தொகுப்பு வெளியிட்டார்.

அவருடைய குரல் பெரிய குரல் அல்ல. எட்டுக்கட்டை எட்டும் வித்தை அதில் இல்லை. எதிரில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்பவர் போலப் பாடுவார். வேலை இழந்தவன், ஊரை விட்டுப் போனவன், சிறைப்பட்டவன், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிசத்தை எதிர்க்கப் போய் மடிந்த ஐரிஷ்காரன் என்று யாரையாவது கையைப் பிடித்துக் கூட்டிவந்து நம் முன் நிறுத்துவார். சொந்தமாக எழுதிய பாட்டும் உண்டு, பிறர் எழுதியதும் உண்டு, யார் எழுதியது என்றே தெரியாத பழம்பாட்டும் உண்டு. எங்கிருந்து வந்த பாட்டு, யாரிடம் கேட்டது என்று சொல்லிவிட்டுப் பாடும் வழக்கம் அவருக்கு. அந்த வழக்கத்தின் மேல்தான் எனக்கு ஆசை அதிகம்.

அதனால் ஜான் ரெய்லியின் கதை எனக்கு மனப்பாடம். ரெய்லி ஐரிஷ் ‘டிராவலர்’ சமூகத்தவர். ஊர் ஊராக வண்டி கட்டிச் சென்று தகரப் பாத்திரம் செய்தும் பழுதுபார்த்தும் பிழைத்த மக்கள் அவர்கள். ஊர்க்காரர்கள் அவர்களை எல்லைக்கு வெளியே நிறுத்தினார்கள். ஐரிஷ் அரசு அவர்களைத் தனி இனச் சிறுபான்மையாக ஏற்றதே 2017இல்தான். எழுதப் படிக்கத் தெரியாத ரெய்லியின் நினைவில், வாய்மொழியில் அழிந்தே போனதென்று ஆய்வாளர்கள் எண்ணியிருந்த பழைய கதைப்பாடல்கள் முழுதாக இருந்தன. டாம் மன்னெலி என்ற சேகரிப்பாளர் 1960களில் அவற்றை ஒலிப்பதிவு செய்தார். 1969இல், நாற்பத்து சொச்சம் வயதில், வறுமையில் ரெய்லி இறந்துபோனார். அவர் பாட்டு மட்டுமே கொண்ட இசைத்தட்டு 1978இல் வந்தபோது அவர் இல்லை. ஆனால் அதற்கு முன்பே கிறிஸ்டி மூர் அவர் பாட்டுகளைத் தொண்டையில் ஏந்திவிட்டார். 1973இல் வந்த பிளாங்ஸ்டியின் இரண்டாவது தொகுப்புக்கு ரெய்லி பாடிய பாட்டின் பெயரையே வைத்தார்கள்.

இந்தக் கதையை ஆசிரியர் அறையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ‘ஒரு நாடு யாரை ஒதுக்கிவைத்ததோ அவரிடமிருந்துதான் அதன் ஆகச் சிறந்த பாட்டு கிடைத்தது பாருங்கள்’ என்று முடிப்பேன். சொல்லும்போது சன்னலுக்கு வெளியே ஜவ்வாது மலை இருந்தது. விடுதியில் மலைப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களிடம் என்ன பாட்டு இருக்கிறது என்று ஒரு நாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. போளூரிலிருந்து ஏறினாலும் ஆலங்காயத்திலிருந்து ஏறினாலும் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால்தான் ஊர்கள். வெளியூர்க்காரர்கள் ஜமுனாமரத்தூருக்கும் பீமன் அருவிக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் வந்து போவார்கள். மலையில் வாழ்பவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை, பேசுவது தமிழே. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகச் சொல்வார்கள். சாமை, தேன், புளி, பலா, கொஞ்சம் மாடு, அவ்வளவுதான் வாழ்வு. அது போதாமல், கிழங்கு வெட்டவும் காப்பித் தோட்டத்துக்கும் மரம் வெட்டவும் மலையிறங்கிப் போகிறார்கள்.

விதைப்புக்கும் அறுப்புக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அங்கே பாட்டு உண்டு. திருவிழாவில் ஆட்டத்தோடு சேர்ந்த பாட்டு உண்டு. கூத்தென்றால் விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அதை ‘இசை’ என்ற கணக்கில் நான் சேர்க்கவில்லை. திருவிழா மேளம் கேட்டால் தூக்கம் கெடுகிறது என்று சன்னலைச் சாத்தியவன் நான்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு நிகழ்ச்சிகளைத் தேர்வு செய்யும் பொறுப்பு ஒரு முறை என்னிடம் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

“சார், எங்க ஆயா சாமை அறுக்கறப்போ பாடற பாட்டு சார். எனக்குக் கொஞ்சம் வரும். பாடிக் காட்டவா?”

பாடினாள். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் பாவாடையில் பிடித்துக்கொண்டு பாடினாள். ஓர் அடி நீளும், அடுத்தது சட்டென்று நிற்கும். நடுவில் வெறும் இடைவெளி விட்டு மறுபடி தொடங்குவாள். நான் முழுக்கக் கேட்கவில்லை. பாதியில் கையைக் காட்டி நிறுத்தினேன்.

“தாளம் நிக்கலையேம்மா. சுருதியும் சேரல. மேடைக்கு இது சரியா வராது.”

“ஆயாவைக் கூட்டிட்டு வரவா சார்? அவங்க நல்லாப் பாடுவாங்க.”

“அதெல்லாம் வேணாம்மா. கீழேருந்து அதிகாரிங்க வராங்க. அவங்களுக்கு இது புரியாது. நீ டான்ஸ்ல சேர்ந்துக்க.”

சினிமாப் பாட்டுக்கு ஆடிய எட்டுப் பெண்களில் கடைசியாக அவள் நின்றாள். விழா நன்றாக நடந்தது என்று பாராட்டு வாங்கினேன்.

அன்று இரவு நான் என்ன கேட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஐரிஷ் மொழியில் ‘ஷான் நோஸ்’ என்றொரு பாடுமுறை உண்டு. பக்க வாத்தியம் கிடையாது. கட்டிப்போட்ட தாளம் கிடையாது. சொல்லின் போக்குக்கு ஏற்ப அடி நீளும், குறுகும். பாடுபவர் நினைத்த இடத்தில் நிற்பார். கனமாராப் பகுதியின் ஜோ ஹீனி அதில் பெரிய பெயர். 1919இல் பிறந்து, பிழைப்புக்காக அமெரிக்கா போய், நியூயார்க்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாயிற்காவலராக வேலை பார்த்தவர். அவர் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, ‘தாளத்துக்கு அடங்காத இந்தச் சுதந்திரம் நம்மிடம் எங்கே இருக்கிறது’ என்று நண்பருக்குக் கடிதம் எழுதினேன். பகலில் எந்தக் குணத்துக்காக ஒரு பிள்ளையை நிறுத்தினேனோ, அதே குணத்தை இரவில் அயர்லாந்துக்காரரிடம் கொண்டாடியிருக்கிறேன். கேட்டது என் காது ஒன்றுதான். ஒருவரை இசைத்தட்டும் புத்தகமும் எனக்கு அறிமுகம் செய்துவைத்தன, மற்றவரை யாரும் அறிமுகம் செய்யவில்லை. என் ரசனை எவ்வளவு கடன்பட்ட ரசனை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அடுத்ததைச் சொல்லத்தான் எனக்கு அதிகம் கூசுகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லித் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களிலிருந்து போன கூலிகள் அவர்களில் அதிகம். ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் உண்டு. மலை முழுக்க ஒரே துக்கமாகக் கிடந்தது. சக ஆசிரியர் ஒருவர் என்னையும் துக்க வீட்டுக்கு அழைத்துப் போனார். பந்தலுக்குக் கீழே பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். போனவன் எப்படிப் போனான், போகும்போது என்ன சொன்னான், யாரை நம்பிப் போனான் என்று ஒருத்தி சொல்லி அழ, மற்றவர்கள் வாங்கி அழுதார்கள். எந்தச் செய்தித்தாளும் எழுதாத ஒரு வாக்குமூலம் அங்கே பாட்டாக நடந்துகொண்டிருந்தது. நான் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த ஆசிரியர் காதருகே, “ஒரே கூச்சலா இருக்கு சார், கிளம்பலாம்” என்றேன்.

அறைக்கு வந்து கிறிஸ்டி மூரைப் போட்டேன். 1981 பிப்ரவரி 14 அதிகாலை, டப்ளினில் ‘ஸ்டார்டஸ்ட்’ என்ற நடன விடுதி தீப்பற்றி எரிந்து 48 இளைஞர்கள் மாண்டார்கள். தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்காக அவர் எழுதிய பாட்டு 1985இல் ஒரு தொகுப்பில் வந்தது. வெளியேறும் கதவுகள் சங்கிலியிட்டுக் கிடந்ததைச் சொன்ன அந்தப் பாட்டை நீதிமன்ற அவமதிப்பு என்று டப்ளின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொகுப்பைத் திரும்பப் பெற்று, வேறொரு பாட்டைச் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். குடும்பங்கள் விடவில்லை. 43 ஆண்டு கழித்து, 2024 ஏப்ரலில், அது சட்டவிரோதமாக நேர்ந்த கொலை என்று மரண விசாரணையில் நடுவர் குழு சொன்னது.

அந்தப் பாட்டைத்தான் அன்று மாலை கேட்டேன். கேட்டு அழுதேன். டப்ளினில் செத்தவர்களுக்கு அழுதது பிழையில்லை. கூப்பிடு தூரத்தில் அதே பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது எழுந்து வந்தேனே, அதுதான் என் பிழை. பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்களும் கிறிஸ்டி மூரும் செய்தது ஒரே வேலை. செத்தவர்கள் வெறும் எண்ணாகிவிடாமல் காப்பது. மேடையும் ஒலிவாங்கியும் வைத்துச் செய்தவரைக் கலைஞர் என்றேன். வெறுந்தரையில் செய்தவர்களைக் கூச்சல் என்றேன்.

நம்மிடம் வழிகாட்ட ஆள் இல்லை என்று நான் தப்பிக்கவும் முடியாது. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1960களிலேயே வந்துவிட்டது. பெர்ஸி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து, ‘மலையருவி’ என்ற பெயரில் தஞ்சை சரசுவதி மகால் 1958இல் அச்சிட்டது. எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரருக்கு நின்று கேட்கத் தெரிந்திருக்கிறது. சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் 1955இல் பிறந்த கே.ஏ. குணசேகரன் உழைக்கும் மக்களின் பாட்டை மேடைக்குக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகத்தில் அதைப் பாடமாகவும் நடத்தினார். ‘தன்னானே’ குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். 2016இல் அவர் மறைந்தபோது நானும் இரங்கல் எழுதினேன். அவர் பேரில் எனக்கிருந்த மதிப்பு உண்மைதான். அந்த மதிப்பு என்னை ஒரு சாமைக் கொல்லை வரை நடக்கவைக்கவில்லை என்பதும் உண்மைதான்.

என் கண்ணைத் திறந்தது ஒரு தொலைபேசிப் பேச்சு. 2022இல் அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் சமூகத்து நஞ்சம்மாவுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவித்தார்கள். முறையாக இசை பயிலாதவருக்கு விருதா என்று சிலர் கேட்டார்கள். அவர்களைக் கடுமையாகச் சாடி எழுதினேன். அதைப் படித்துவிட்டு, ஆண்டு விழாவுக்குப் பாட வந்து நான் பாதியில் நிறுத்திய அந்தப் பெண் கூப்பிட்டாள். அப்போது அவள் வெளியூரில் வேலையில் இருந்தாள்.

“நல்லா எழுதியிருக்கீங்க சார். எங்க ஆயாவும் இந்த மாதிரிதான சார் பாடுவாங்க. நான்தான் ஒங்ககிட்ட ஒழுங்காப் பாடிக் காட்டல.”

குறை சொல்லக் கூப்பிடவில்லை. பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு அன்பாகப் பேசினாள். இத்தனை ஆண்டும் தன் பாட்டில்தான் கோளாறு என்று நம்பியிருக்கிறாள். அந்த நம்பிக்கையை விதைத்தவன் நான்.

அதற்குள் நான் மாறுதல் வாங்கிக் கீழே வந்திருந்தேன். மலையேறிப் போய் ஆயாவைப் பார்த்தேன். கைப்பேசியை எடுத்து முன்னால் வைத்து, “பாடுங்க ஆயா” என்றேன். அவர் சிரித்தார்.

“வூட்டுல குந்திக்கினு எப்படிப்பா பாடறது? அறுப்புக்கு வா. கொல்லையில வந்து கேளு.”

ஒப்பாரி பற்றிக் கேட்டபோது முகம் மாறிவிட்டது. சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி வாயில் வரக்கூடாது. தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்துப் பாட்டியும் சொல்வதுதான். நாட்டுப்பாடல் பற்றி மணிக்கணக்கில் பேசிய எனக்கு, எந்தப் பாட்டை எங்கே கேட்கலாம் என்ற முதல் பாடமே தெரியவில்லை.

அந்த ஆண்டு அறுப்புக்கு நான் போகவில்லை. அரையாண்டுத் தேர்வு வேலை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். போயிருக்கலாம். ஒரு சனி ஞாயிறு போதும். குற்றம் உறைத்த பிறகும் சோம்பல் விடவில்லை என்பதை எழுதாமல் இருந்தால் இந்த வாக்குமூலம் முழுமையாகாது.

அடுத்த அறுப்புக்குப் போனேன். சரிவில் சாமை பழுத்துக் கிடந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து அறுத்தார்கள். ஆயா முன்பாட்டு எடுத்தார். ஓர் அடியை நீட்டி நிறுத்தினார். நிறுத்திய இடத்தில் மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். அவர்கள் முடிக்குமுன் ஆயா அடுத்த அடியைத் தொடங்கினார். ஒரு பிடி கதிருக்கு ஓர் அரிவாள் வீச்சு, அந்த வீச்சு விழும் இடமே தாளம். வகுப்பறையில் அந்தப் பிள்ளை விட்ட இடைவெளி வெற்றிடம் இல்லை என்பது அங்கே நின்றபோதுதான் புரிந்தது. கூட இருப்பவர்கள் பாட வேண்டிய பின்பாட்டுக்கான இடம் அது. தனியாக நின்று பாடியதால் அந்த இடத்தை மௌனத்தால் காத்துக்கொண்டு, சரியாக அடுத்த அடியில் தொடங்கியிருக்கிறாள். தாளம் பிசகவில்லை, எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்தேன். “இது எங்க போவும்?” என்று ஆயா கேட்டார். “உங்க பேத்திக்குத்தான் முதல்ல போகும். நீங்க சொல்லாம வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்” என்றேன். அப்படியே செய்தேன். கூட்டத்தில் பாட்டை வாங்கிப் பாடியவர்களில் இளம்பெண்கள் குறைவு. சாமைக்குப் பதில் வேறு பயிர் வந்தால் அறுப்புப் பாட்டுக்கு இடமில்லை. அரவை இயந்திரம் வந்ததும் உரல் பாட்டு போனது அப்படித்தான். பிழைப்புக்கு மலையிறங்கியவர்கள் அறுப்புக்குத் திரும்பாவிட்டால் முன்பாட்டு எடுக்க ஆள் இருந்தும் பின்பாட்டுக்கு ஆள் இராது. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்திலும் குடிபெயர்விலும் அயர்லாந்து இப்படித்தான் பாட்டுகளை இழந்தது. மிஞ்சியதைக் காக்க 1935இல் அரசே நாட்டாரியல் ஆணையம் அமைத்து, ஒலிப்பதிவுக் கருவியோடு ஆட்களை ஊர் ஊராக அனுப்பியது. கிறிஸ்டி மூர் போன்றவர்கள் எழுந்து நிற்க அடியில் அந்த உழைப்பு இருக்கிறது.

ஒரு பாட்டைப் பதிவு செய்ததால் என் கணக்கு நேராகிவிட்டதென்று நான் நினைக்கவில்லை. நான் பாடம் நடத்திய பிள்ளைகள் எத்தனையோ பேர், மேடைக்கு வரக்கூடாதது எது என்பதையும் என்னிடமே கற்றுக்கொண்டு போனார்கள். தங்கள் பிள்ளைகளிடம் அவர்கள் அந்தப் பாட்டைப் பாடாமல் விட்டிருந்தால் அதில் எனக்குப் பங்கு உண்டு. அதை எந்த ஒலிப்பதிவும் ஈடு செய்யாது. பழங்குடிப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்க அரசு என்னை அனுப்பியது. படிப்போடு சேர்த்து அவமானத்தையும் கொடுத்தேன். இதுதான் என் குற்றம்.

மலைப் பள்ளிகளில் வேலை பார்க்கும் ஆசிரியத் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். வரும் ஆண்டு விழாவில் ஒரே ஒரு நிகழ்ச்சியை ஊர்ப் பெண்களுக்கு ஒதுக்குங்கள். அவர்கள் பாடும்போது முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேளுங்கள். புரியவில்லை என்றால் பிள்ளைகளிடம் பொருள் கேளுங்கள், அவர்கள் சொல்வார்கள். தாளம் நிற்கவில்லை என்று தோன்றினால், அந்தப் பாட்டு பிறந்த வேலை எது என்று விசாரித்து அந்த வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள். பாடியவர் பெயரை அழைப்பிதழில் அச்சிடுங்கள், உரிய சன்மானம் கொடுங்கள். ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி வந்து பாடிக் காட்டவா என்று கேட்டால், பாதியில் கையைக் காட்டி நிறுத்தாதீர்கள்.